பெட்டி மாறலாம், பேக்கப் தொடர வேண்டும்

சர்வரில் உள்ள தரவைப் பழைய ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து புதிய பெட்டிக்கு மாற்றுவது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லா அலுவலகங்களுக்கும் வந்துசேரும் வேலை. ஹார்ட் டிஸ்குகள் தேய்கின்றன, உத்தரவாதக் காலம் முடிகிறது, இடம் போதாமல் போகிறது. மாற்றும் வேலை பெரும்பாலும் நல்லபடியாகவே முடியும். சிக்கல் தெரியவருவது மறுநாள் காலையில். வழக்கமாக இரவோடு இரவாக முடிந்துவிடும் பேக்கப், அலுவலகம் திறந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். ஓர் எழுத்துகூட மாறாத கோப்புகளையெல்லாம் நேற்றுப் பிறந்தவை என்று எடுத்துக்கொண்டு, பேக்கப் மென்பொருள் மொத்தத்தையும் முதலிலிருந்து நகலெடுக்கத் தொடங்கியிருக்கும்.

இதனால் என்ன இழப்பு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நிறுவனத்தில் 10 டெராபைட் தரவு இருக்கிறது, அதில் நாளொன்றுக்கு நூற்றில் ஒரு பங்கு மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், தினமும் அனுப்ப வேண்டியது 100 கிகாபைட். விநாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள லைனில் அது சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் போய்ச் சேரும். அதே லைனில் 10 டெராபைட்டையும் அனுப்ப 9 நாளுக்கு மேல் ஆகும், அதுவும் லைன் ஒரு நொடிகூட அறுபடாமல் இருந்தால். அந்த 9 நாளும் வெளியூரில் உள்ள இரண்டாம் பிரதி பழையதாகவே கிடக்கும். சேமிக்கும் இடத்தில் இன்னொரு 10 டெராபைட் காலியாக இருக்கவும் வேண்டும். இல்லையென்றால், இடம் போதாதபோது பழைய பிரதிகளை அழிக்கும்படி அமைக்கப்பட்ட மென்பொருள், நல்ல நிலையில் உள்ள பழைய பேக்கப்பை அழித்துப் புதியதற்கு இடம் தேடும். முழு பேக்கப்பால் விளையும் கேடுகளில் இதுவே பெரியது.

புயலும் வெள்ளமும் அடிக்கடி தாக்கும் கடலூர் மாவட்டத்தில் இந்த 9 நாள் என்பது சிறிய காலம் அல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்திலிருந்து பிச்சாவரம் பக்கத்துக் குப்பங்கள் வரை கரையைச் சிதைத்தது. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. பல ஊர்களுக்குக் கரண்ட் திரும்ப நாட்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் ஆனது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு போயின. 2015 நவம்பர் மழையில் மாவட்டத்தின் பெரும்பகுதி வெள்ளத்தில் நின்றது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு தென்பெண்ணை பெருகிக் கடலூரின் தாழ்வான பகுதிகளுக்குள் புகுந்தது. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு என்று வரிசையாக ஆறுகள் கடலில் கலக்கும் மாவட்டம் இது. தெற்கு எல்லையில் கொள்ளிடம் ஓடுகிறது. சர்வர் அறை தரைத்தளத்தில் இருந்தால் தண்ணீர் பகை. மேல்மாடியில் இருந்தால் காற்றும் கரண்டும் பகை.

கடலூரில் அசல், சிதம்பரத்தில் நகல் என்ற ஏற்பாடும் போதாது. இரண்டு ஊருக்கும் இடையே ஏறத்தாழ 45 கிலோமீட்டர்தான். ஒரே புயலும் ஒரே மழையும் இரண்டையும் ஒரே நாளில் தாக்கும். பிரதி மாவட்டத்துக்கு வெளியே, முடிந்தால் கடற்கரையை விட்டு விலகி இருக்க வேண்டும். அப்படித் தொலைவில் இருக்கும்போதுதான் லைனின் வேகமும் முழு பேக்கப்பின் சுமையும் பெரிய கேள்விகளாகின்றன.

இந்த மண்ணுக்கு இது புதிய படிப்பினையும் அல்ல. சிதம்பரத்துத் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளில் பெரும்பகுதியைக் கறையான் அரித்துவிட்டது என்றும், எஞ்சியதையே சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டனர் என்றும் உமாபதி சிவாச்சாரியார் இயற்றியதாகச் சொல்லப்படும் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர் நினைவில் நிற்கும் கதை அது. தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையின் நடைமுறை இதற்கு மாறானது. 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றியபோது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடம் அந்தக் கோட்டைக்கு மாறி, 1752 வரை அங்கேயே இருந்தது. ஆலோசனைக் குறிப்புகளின் நகல்களைக் கப்பல் வழியாக லண்டனுக்கு அனுப்புவது கம்பெனியின் வழக்கம். 1758-இல் அந்தக் கோட்டையும் பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்தது. ஆனால் கம்பெனியின் பதிவுகளுக்குக் கடல் கடந்து ஓர் இரண்டாம் பிரதி இருந்தது.

முழு பேக்கப் என்பது எல்லாக் கோப்புகளையும் எடுப்பது. இன்கிரிமென்டல் பேக்கப் என்பது, கடைசியாக எடுத்த பேக்கப்புக்குப் பிறகு மாறியதை மட்டும் எடுப்பது. டிஃபரென்ஷியல் என்பது கடைசி முழு பேக்கப்புக்குப் பிறகு மாறிய எல்லாவற்றையும் எடுப்பது. வாரத்தில் ஒரு முழு பேக்கப், மற்ற நாட்களில் இன்கிரிமென்டல் என்பது பழைய முறை. முதல்முறை மட்டும் முழுதாக எடுத்துவிட்டு, பிறகு என்றென்றும் மாற்றங்களை மட்டுமே எடுப்பது இன்று பரவலாகிவிட்டது. தொலைவிலுள்ள இடத்துக்கு மெதுவான லைனில் அனுப்புவோருக்கு வேறு வழியும் இல்லை.

மாறியது எது, மாறாதது எது என்று மென்பொருள் எப்படி முடிவு செய்கிறது என்பதில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. 10 டெராபைட்டையும் தினமும் படித்து ஒப்பிட்டுப் பார்க்க நேரம் கிடையாது. ஆகவே பெரும்பாலான மென்பொருள்கள் உள்ளடக்கத்தைத் திறந்து பார்ப்பதில்லை. வெளியே தெரியும் அடையாளங்களை மட்டும் பார்க்கின்றன. வீடு மாறிய குடும்பத்தை, கதவு எண் வேறாக இருப்பதால் புதிய குடும்பம் என்று எழுதிக்கொள்ளும் கணக்கெடுப்பாளரைப் போன்றது அவற்றின் நிலை. எந்த மென்பொருள் எந்த அடையாளத்தைப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டு, இடம் மாறும்போது அந்த அடையாளத்தைக் காப்பாற்றிவிட்டால் பேக்கப் சங்கிலி அறுபடாது.

விண்டோஸில் மிகப் பழைய அடையாளம் ‘ஆர்க்கைவ்’ குறி. கோப்பு உருவாகும்போதும் மாறும்போதும் இந்தக் குறி ஏறும். பேக்கப் எடுத்தபின் மென்பொருள் அதை இறக்கிவைக்கும். புதிய டிஸ்குக்கு நகலெடுக்கப்பட்ட கோப்பில் இந்தக் குறி மறுபடி ஏறிவிடுவது வழக்கம், ஆகவே எல்லாக் கோப்புகளும் புதியவையாகத் தெரியும். விண்டோஸோடு வரும் ரோபோகாப்பியில் நகலெடுக்கும்போதே இந்தக் குறியை நீக்கிவிடும் விருப்பம் உண்டு. என்.டி.எஃப்.எஸ். டிஸ்குகளில் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஒரு நாட்குறிப்பும் உண்டு. அதை நம்பும் மென்பொருளுக்கு, புதிய டிஸ்கில் வேறொரு நாட்குறிப்பு இருப்பது தெரிந்தவுடன் தொடர்ச்சி அறுந்துபோகும். அது எல்லாக் கோப்புகளையும் மறுபடி ஆராயப் போகும்.

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு நேரங்கள் முக்கியம். ஒன்று உள்ளடக்கம் மாறிய நேரம். மற்றது உரிமை, அனுமதி, பெயர் போன்ற வெளித் தகவல்கள் மாறினாலும் புதுப்பிக்கப்படும் நேரம். இதைச் சி-டைம் என்பார்கள். முதல் நேரத்தை நகலோடு சேர்த்துக் கொண்டுபோகலாம். சி-டைமைக் கொண்டுபோக முடியாது. கோப்பு புதிய டிஸ்கில் எழுதப்பட்ட கணமே அதன் சி-டைம் ஆகிவிடும். எந்த நகல் கருவியாலும் அதை மாற்றி எழுத முடியாது. இவற்றோடு, கோப்பு முறைமை தரும் ஐநோட் எண், டிஸ்குக்கான சாதன எண், கோப்பின் முழுப் பாதை ஆகியவையும் அடையாளங்களே. விண்டோஸில் ‘டி’ டிரைவில் இருந்த ஃபோல்டர் ‘இ’ டிரைவுக்குப் போனாலே, பல மென்பொருள்களுக்கு அதில் உள்ள அத்தனையும் புதியவை.

பாதை மாறுவதில் மறைந்திருக்கும் ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. பழைய பாதையில் கோப்புகளைக் காணாத மென்பொருள், அவை அழிக்கப்பட்டுவிட்டன என்று பதிந்துகொள்கிறது. அழிக்கப்பட்ட கோப்புகளை 30 நாள் வைத்திரு என்று அமைத்திருந்தால், 30 நாளுக்குப் பிறகு பழைய பிரதிகள் மெல்லக் கழிந்துபோகும். கடந்த ஆண்டு இந்தக் கோப்பு எப்படி இருந்தது என்று ஒரு தணிக்கையாளர் கேட்கும்போதுதான் அது தெரியவரும். 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற ஒரு நிறுவனத்திடம், படித்து முடித்து 30, 40 ஆண்டு கழித்தும் பழைய மாணவர் மதிப்பெண் சான்று கேட்டு வருவார். அப்படிப்பட்ட பதிவுகள் ஒருமுறை ஸ்கேன் செய்யப்பட்டபின் மாறுவதே இல்லை. மாறாத தரவை மறுபடி மறுபடி முழுதாக எடுப்பது வீண். அதன் பழைய பிரதியை இழப்பதோ பெருங்கேடு.

ஆக, மாற்றும் வழியைத் தேர்ந்தெடுப்பது முதல் முடிவு. வாய்ப்பிருந்தால், கோப்பு முறைமைக்குக் கீழேயே வேலையை முடித்துவிடுவது எல்லாவற்றிலும் சிறந்தது. லினக்ஸில் எல்.வி.எம். என்னும் அடுக்கு பயன்பாட்டில் இருந்தால், புதிய டிஸ்கைக் குழுவில் சேர்த்து, ‘பி.வி.மூவ்’ கட்டளையால் தரவை அதற்கு நகர்த்தி, பழைய டிஸ்கை வெளியே எடுத்துவிடலாம். சர்வரை நிறுத்தக்கூட வேண்டாம். மேலே உள்ள கோப்பு முறைமைக்குத் தான் இடம் மாறியதே தெரியாது. ஐநோட், சி-டைம், பாதை எதுவும் மாறாது. அன்றிரவு பேக்கப் வழக்கம்போல ஓடும். கண்ணாடிப் பிரதியாக இரண்டு டிஸ்குகளை ஓட்டும் ரெய்டு அமைப்பில் புதிய டிஸ்கைச் சேர்த்து, தரவு முழுதும் படிந்தபின் பழையதைக் கழற்றுவதும் இதே வழிதான். இசட்.எஃப்.எஸ். கோப்பு முறைமையில் ஸ்னாப்ஷாட்டுகளை அனுப்பிப் பெறும் வசதி உண்டு. ஸ்னாப்ஷாட்டின் அடையாள எண் புதிய இடத்திலும் அப்படியே இருப்பதால், வெளியூர்ப் பிரதிக்கு மாற்றங்களை மட்டும் அனுப்புவதைப் புதிய பெட்டியிலிருந்து தொடரலாம்.

விஎம்வேர் போன்ற மெய்நிகர் சர்வர்களில் நிலைமை சற்று வேறு. மாறிய பிளாக்குகளை மட்டும் குறித்துவைக்கும் வசதி 2009-இல் வந்த வி-ஸ்பியர் 4-இலிருந்து அங்கே உண்டு. பேக்கப் மென்பொருள் அதையே நம்பி ஓடுகிறது. ஓடும் சர்வரை நிறுத்தாமல் அதன் டிஸ்கை வேறு ஸ்டோரேஜுக்கு நகர்த்தவும் வசதி இருக்கிறது. ஆனால் வி-ஸ்பியர் 5 காலத்துப் பதிப்புகளில் அப்படி நகர்த்தும்போது அந்தக் குறிப்பு அழிந்துபோனது. பின்னர் வந்த பதிப்புகளில்தான் திருத்தப்பட்டது. பழைய பதிப்பு இன்னும் ஓடும் இடங்களில் இதை முதலில் சரிபார்க்க வேண்டும். மெய்நிகர் சர்வரை ஒரு நிர்வாக மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் அதன் உள் அடையாள எண்ணே மாறிவிடும். பேக்கப் மென்பொருள் அதை முன்பின் தெரியாத புதிய சர்வராகவே நடத்தும். ஸ்டோரேஜை மாற்றும் அதே வாரத்தில் நிர்வாக மையத்தையும் மாற்றாமல் இருப்பது நல்லது.

கோப்பு கோப்பாக நகலெடுப்பதைத் தவிர வழி இல்லாத இடங்களும் உண்டு, அங்கேதான் கவனம் அதிகம் வேண்டும். லினக்ஸில் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கரஸும் 1996-இல் வெளியிட்ட ஆர்சிங்க் இன்றும் முதன்மைக் கருவி. நேரம், உரிமையாளர், அனுமதி, ஹார்ட் லிங்க், கூடுதல் அனுமதிப் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோகும் விருப்பங்களோடு அதை ஓட்ட வேண்டும். அனுமதிப் பட்டியலில் சிறு வேறுபாடு இருந்தாலும் சில பேக்கப் மென்பொருள்கள் கோப்பு முழுவதையும் மறுபடி அனுப்பும். அலுவலகம் நடந்துகொண்டிருக்கும்போதே முதல் சுற்றை ஓட்டிவிடலாம். பிறகு சனிக்கிழமை இரவு எல்லாரையும் வெளியேற்றிவிட்டு, பழைய பெட்டியிலிருந்து கடைசியாக ஓர் இன்கிரிமென்டல் பேக்கப் எடுத்து, அதன்பின் ஆர்சிங்க்கின் இறுதிச் சுற்றை ஓட்ட வேண்டும். இந்த வரிசை பிசகக் கூடாது. விண்டோஸில் ரோபோகாப்பிக்கும் இதே வரிசைதான்: பேக்கப் எடுக்கப்படாமல் இருந்த ஒரு கோப்பின் ஆர்க்கைவ் குறி இடமாற்றத்தில் நீக்கப்பட்டுவிட்டால், அந்தக் கோப்பு மறுபடி மாறும்வரை எந்தப் பேக்கப்பிலும் ஏறாது. வேண்டாத முழு பேக்கப்பைவிட இது பல மடங்கு மோசம், ஏனென்றால் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இறுதிச் சுற்று முடிந்ததும் புதிய டிஸ்கைப் பழைய பாதையிலேயே பொருத்த வேண்டும். அதே டிரைவ் எழுத்து, அதே பகிர்வுப் பெயர், அதே சர்வர் பெயர். பெயர்களை அழகுபடுத்தும் ஆசையை வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்கலாம்.

சி-டைமும் ஐநோட்டும் மாறியே தீரும் என்பதால், அவற்றைப் பார்க்காதே என்று பேக்கப் மென்பொருளிடம் சொல்ல வேண்டும். ரெஸ்டிக்கில் இவ்விரண்டையும் புறக்கணிக்கத் தனித்தனி விருப்பங்கள் உண்டு. பாக்குலாவில் உள்ளடக்கம் மாறிய நேரத்தை மட்டும் பார்க்கும்படி அமைக்கலாம். பாக்குலாவில் இன்னொரு பொறியும் இருக்கிறது. எந்த ஃபோல்டர்களை எடுப்பது என்ற பட்டியலில் ஒரு வரியை மாற்றினாலும் அடுத்த பேக்கப் முழு பேக்கப்பாகிவிடும்; பட்டியல் மாற்றத்தைப் பொருட்படுத்தாதே என்று தனியே சொல்லி வைத்தால்தான் தப்பலாம். குனு டார், டிஸ்கின் சாதன எண் மட்டும் மாறியிருந்தால் அதைச் சரிபார்க்காமல் விடும் விருப்பத்தைத் தருகிறது. ஐபிஎம்மின் டிவோலி வழிவந்த மென்பொருளில், பேக்கப் சர்வரில் பதிவாகியுள்ள டிஸ்கின் பெயரையே மாற்றி எழுதிப் புதிய இடத்தோடு பொருத்திவிட முடியும்.

ரெஸ்டிக், போர்க் போன்றவற்றில் ஓர் ஆறுதலும் இருக்கிறது. அவை கோப்பைத் துண்டுகளாக்கி, ஏற்கெனவே சேமித்த துண்டை மறுபடி சேமிப்பதில்லை. அடையாளங்களெல்லாம் மாறிப்போனாலும் சர்வர் தன் டிஸ்கை ஒருமுறை முழுக்கப் படிக்க வேண்டியிருக்குமே தவிர, லைனில் 10 டெராபைட்டும் போகாது. இடமாற்றம் அடிக்கடி வரும் என்று தெரிந்த சிறிய அலுவலகம் இத்தகைய மென்பொருளை முதலிலேயே தேர்ந்தெடுப்பது சரியான முடிவு.

தரவுத்தளங்களின் விதி தனி. அவை கோப்பின் நேரத்தைப் பார்ப்பதில்லை; உள்ளே தாங்களே வைத்துள்ள வரிசை எண்களைப் பார்க்கின்றன. எஸ்க்யூஎல் சர்வரில் தரவுக் கோப்பை வேறு டிஸ்குக்கு நகர்த்துவதால் மட்டும் டிஃபரென்ஷியல் பேக்கப் அறுபடாது. ஆனால் வேலை சுலபமாக இருக்கட்டும் என்று மீட்பு முறையைச் ‘சிம்பிள்’ நிலைக்கு மாற்றினால் பதிவேட்டுச் சங்கிலி அந்த நொடியே அறும். ஆரக்கிள் 12சி முதல் தரவுக் கோப்பை, அது பயன்பாட்டில் இருக்கும்போதே நகர்த்தலாம். 2024-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 17-இல் இன்கிரிமென்டல் பேக்கப் முதன்முறையாக உள்ளிணைந்து வந்தது. அதற்குத் தேவையான மாற்றச் சுருக்கங்கள் தரவு ஃபோல்டருக்குள்ளேயே இருப்பதால், சர்வரை நிறுத்திவிட்டு ஃபோல்டரை முழுதாகக் கொண்டுபோனால் அவையும் கூடவே வந்துவிடும். தரவுத்தளத்தைச் சாதாரணக் கோப்புபோல, ஓடும்போதே நகலெடுப்பது மட்டும் கூடவே கூடாது.

புதிய பெட்டியிலிருந்து முதல் பேக்கப்பை ஓட்டுமுன் ஒத்திகை பார்க்க முடியும். பாக்குலாவின் மதிப்பீட்டுக் கட்டளையும் ரெஸ்டிக்கின் ஒத்திகை விருப்பமும், எதையும் அனுப்பாமலே எவ்வளவு எடுக்கப்படும் என்று சொல்லிவிடும். வழக்கமான 100 கிகாபைட் அளவு காட்டினால் தொடரலாம். 10 டெராபைட் என்று காட்டினால், எந்த அடையாளம் மாறியது என்று அப்போதே தேடலாம். அதோடு, பழைய பெட்டியிலும் புதிய பெட்டியிலும் உள்ள கோப்புகளின் செக்சம் ஒத்துப்போகிறதா என்று ஒப்பிட வேண்டும். உள்ளடக்கத்தைப் பார்க்காமல் அடையாளத்தை மட்டும் நம்பும்படி மென்பொருளை அமைத்திருப்பதால், உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் பொறுப்பு மனிதரிடம் வந்துவிட்டது. பிறகு வெளியூர்ப் பிரதியிலிருந்து சில ஃபோல்டர்களை மீட்டெடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். பேக்கப் பதிவேட்டில் ‘வெற்றி’ என்று வருவது மட்டும் சான்றாகாது.

முழு பேக்கப்பை எப்பாடுபட்டும் தவிர்க்க வேண்டும் என்பதும் இதன் பொருள் அல்ல. சங்கிலியின் மீது ஐயம் வந்தால், செக்சம் ஒத்துப்போகாவிட்டால், கோப்பு முறைமையின் வகையே மாறியிருந்தால், முழுதாக எடுப்பதே முறை. அதை லைனில் அனுப்ப வேண்டியதில்லை. விநாடிக்கு 360 மெகாபைட் எழுதும் எல்.டி.ஓ. 8 டேப் ஒன்றின் கொள்ளளவு 12 டெராபைட். 10 டெராபைட்டை அதில் எழுதச் சுமார் 8 மணி நேரம் போதும். அந்த டேப்பை வண்டியில் எடுத்துக்கொண்டு போய் வெளியூர் மையத்தில் ஏற்றிவிட்டு, மறுநாளிலிருந்து மாற்றங்களை மட்டும் லைனில் அனுப்பலாம். தெரிந்து, நாள் குறித்து எடுக்கும் முழு பேக்கப்பால் தொல்லை இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் தானாகத் தொடங்குவதுதான் கெடுக்கிறது.

பழைய பெட்டியை உடனே அழிக்கவும் கூடாது. ஒரு முழுச் சுற்றுப் பேக்கப்பும் ஒரு மீட்பு ஒத்திகையும் முடியும்வரை, அதை எழுத முடியாத நிலையில் வைத்திருக்க வேண்டும்.

கடலூர், சிதம்பரம் பகுதியில் காலத்தையும் பார்த்தே நாள் குறிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீள்கிறது. தானே புயல் வந்தது டிசம்பர் முடிவில். ஸ்டோரேஜை மாற்ற நினைக்கும் அலுவலகங்கள், மருத்துவமனைகள், கல்லூரிகள் ஜனவரிக்குப் பிறகு வேலையைத் தொடங்கி, மீட்பு ஒத்திகை உட்பட எல்லாவற்றையும் செப்டம்பருக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குள் முடியாது என்றால், அடுத்த ஜனவரி வரை பழைய பெட்டியிலேயே ஓட்டுவது மேல்.